டவுன் கொல்லையில் கோழி: சட்டம், பின்வீடு, எச்சம்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் என்று டெல்டாவின் எந்த டவுனை எடுத்தாலும் கொல்லையில் நாலு பெட்டைக்கோழி வைத்திருக்கும் வீடுகள் தெருவுக்குத் தெரு உண்டு. அவர்களில் பெரும்பாலோர் எந்த அலுவலகத்திலும் எதையும் கேட்டதில்லை, யாரும் அவர்களைக் கேட்டதும் இல்லை. ஒரு நாள் புகார் போகும், மறுவாரம் சானிட்டரி இன்ஸ்பெக்டர் வந்து நிற்பார். அந்தப் புகார் சேவல் கூவுவது, எச்ச நாற்றம், அடுத்த வீட்டில் போய்க் கிளறுவது ஆகிய மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். சட்டத்தைத் தெரிந்துகொள்வது அரை நாள் வேலை. இந்த மூன்றும் வராமல் பார்த்துக்கொள்வது அன்றாட வேலை. இரண்டையும் சேர்த்தே சொல்கிறோம்.

முதலில், நீங்கள் யார் எல்லையில் இருக்கிறீர்கள்

சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி என்று எது அச்சாகியிருக்கிறதோ அதுதான் உங்கள் உள்ளாட்சி. டவுனை ஒட்டிய நகர்களில் வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். தெருவின் ஒரு பக்கம் மாநகராட்சி, மறுபக்கம் ஊராட்சி என்று இருக்கும் இடங்கள் உண்டு. எல்லை விரிவாக்கத்தில் வார்டு எண்ணும் மாறியிருக்கலாம், அதனால் கடைசியாகக் கட்டிய ரசீதையே பாருங்கள்.

ஊராட்சி என்றால் 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். மற்ற மூன்றுக்கும் 1998-ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம். இது வருடக்கணக்கில் கிடப்பில் கிடந்து, விதிகளோடு சேர்ந்து 2023-ல்தான் நடைமுறைக்கு வந்தது. கோழிக்காரர்கள் தெரிந்திருக்க வேண்டிய இன்னொன்று, நகர்ப்புறங்களில் விலங்குகளையும் பறவைகளையும் கட்டுப்படுத்தி ஒழுங்குபடுத்தும் 1997-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம். நகர எல்லைக்குள் கால்நடையும் பறவையும் வைப்பதை உள்ளாட்சியின் உரிமத்துக்குக் கீழே கொண்டுவருவது அது. நடைமுறையில் தெருவில் திரியும் மாட்டுக்கும் பன்றிக்கும்தான் இந்தச் சட்டத்தைப் பெரும்பாலும் கையில் எடுக்கிறார்கள். ஆனால் தலைப்பிலேயே பறவை இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். காரைக்கால்காரர்களுக்கு இவை எதுவும் பொருந்தாது. அவர்களுக்குப் புதுச்சேரி நகராட்சிகள் சட்டம், 1973.

"பத்துக் கோழி வரைக்கும் யாரும் கேக்க முடியாது" என்று டீக்கடையில் சொல்வார்கள். எந்த விதியில் என்று கேளுங்கள், பேச்சு நின்றுவிடும். அதேபோல "குடியிருப்பிலிருந்து 500 மீட்டர் தள்ளி இருக்கணும்" என்று சொல்லி உங்களைப் பயமுறுத்துபவரும் உண்டு. அது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கோழிப் பண்ணைகளுக்குப் போட்ட வழிகாட்டுதல். 5,000 பறவைக்கு மேல் உள்ள பண்ணைதான் அதன் இலக்கு. கொல்லையில் ஆறு கோழி வைத்திருப்பவருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

உங்கள் ஊரில் நிஜமாக என்ன விதி என்று தெரிய ஒரே சுத்தமான வழி, எழுதிக் கேட்பது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வெள்ளைத் தாளில் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்புங்கள். மூன்று கேள்வி போதும்: வீட்டு உபயோகத்துக்குக் கோழி வளர்க்க உரிமம் தேவையா, தேவை என்றால் படிவமும் கட்டணமும் என்ன, எண்ணிக்கை, கூண்டின் தூரம் பற்றி மன்றத் தீர்மானம் அல்லது துணைவிதி இருந்தால் அதன் நகல், கோழி எச்சத்தைத் துப்புரவுப் பணியாளர் வாங்குவாரா, எந்தத் தரம்பிரிப்பில். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். "கோழி வளர்க்கலாமா?" என்று மொட்டையாகக் கேட்டால் "இது தகவல் அல்ல, கருத்து" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆவணத்தின் நகலைக் கேளுங்கள்.

பதில் வந்தபின் விண்ணப்பம். மாநகராட்சி, நகராட்சி என்றால் ஆணையருக்கு. பேரூராட்சி என்றால் செயல் அலுவலருக்கு. ஊராட்சி என்றால் தலைவருக்கு. உள்ளடக்கம் இப்படி இருக்கட்டும்:

"மேற்படி கதவு எண் வீட்டின் கொல்லையில் வீட்டு உபயோகத்துக்காக 8 பெட்டைக்கோழிகள் வளர்க்க உள்ளேன். சேவல் இல்லை. 4 அடிக்கு 5 அடி கூண்டு, பக்கத்துச் சுவர்களிலிருந்து இத்தனை அடி தள்ளி அமைகிறது. எச்சம் மூடிய தொட்டியில் உரமாக்கப்படும். கோழிகள் வெளியே விடப்பட மாட்டா. உரிமம் தேவைப்படின் வழங்கவும், தேவையில்லை எனில் எழுத்துமூலம் தெரிவிக்கவும் வேண்டுகிறேன்."

கொல்லையின் கைவரைபடம் ஒன்று, சொத்து வரி ரசீது நகல், வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம் ஆகியவற்றைச் சேருங்கள். தபால் பிரிவில் கொடுத்து உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட். பதிலே வராமல் போகலாம். ஆனால் பின்னால் நோட்டீஸ் வந்தால், "நான் மறைக்கவில்லை" என்று காட்ட அந்த முத்திரை ஒன்றே கையில் இருக்கும்.

முட்டையோ கறியோ விற்பது என்று வாசலில் பலகை வைத்த நிமிடமே வீட்டு உபயோகம் வணிகமாகிவிடும். அதற்குத் தொழில் உரிமம், உணவுப் பாதுகாப்புப் பதிவு என்று வேறு பாதை. கோழியோடு சேர்த்துக் கவுதாரியோ காட்டுக்கோழியோ வளர்க்கும் ஆசை வேண்டாம், 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். சண்டைச் சேவல் வளர்ப்பவர் களத்தில் இறக்கினால் 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டம் வரும்.

பக்கத்து வீடு யார், பின்வீடு யார்

கும்பகோணம் மாதிரி பழைய தெருக்களில் வீடு குறுகலாக, நீளமாக, தெருவிலிருந்து கொல்லை வரை ஓடும். இருபுறமும் பொதுச்சுவர். கொல்லை முடியும் இடத்தில் அடுத்த தெரு வீட்டின் கொல்லை தொடங்கும். சமையலறையும் கிணற்றடியும் பின்கட்டில்தான் இருக்கும். ஆகவே நீங்கள் கொல்லைக் கோடியில் கூண்டு வைத்தால் உங்கள் மூக்கு தப்பிக்கும், பின்தெருக்காரரின் அடுப்படிக்கு நாற்றம் போகும். பலரும் இடதுவலது வீட்டில் மட்டும் பேசிவிட்டு இவரை மறந்துவிடுகிறார்கள். புகார் அங்கிருந்துதான் வருகிறது.

கோழி வாங்குவதற்கு முன்பே மூன்று வீட்டுக்கும் போங்கள். "அக்கா, கொல்லையில ஆறு பெட்ட வாங்கி விடலாம்னு இருக்கேன். சேவல் கெடையாது. நாத்தம், ஈ எதுவா இருந்தாலும் மொதல்ல எங்கிட்ட சொல்லுங்க, அன்னிக்கே சரிபண்ணிடுறேன்." இவ்வளவு போதும். மாதம் ஒருமுறை நாலு முட்டை கொடுப்பது லஞ்சம் ஆகாது. சைவ வீடென்றால் முட்டைக்குப் பதில் மக்கிய உரம் ஒரு சட்டி, அவர்கள் ரோஜாத்தொட்டிக்கு.

கூண்டைக் காற்று பார்த்து வையுங்கள். ஆனியிலிருந்து ஆவணி வரை தென்மேற்கிலிருந்தும், ஐப்பசியிலிருந்து வடகிழக்கிலிருந்தும் அடிக்கும். இரண்டுக்கும் பொருந்தும் மூலை எல்லாக் கொல்லையிலும் கிடைக்காது. கிடைக்காதபோது மழைக்காலக் காற்றுக்கே முன்னுரிமை கொடுங்கள், ஏனென்றால் எச்சம் ஈரமாகி நாறுவது அப்போதுதான். நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் மதிய வெயில் உள்ளே அடிக்காது. கிணறோ அடிபம்போ இருந்தால் 30 அடியாவது தள்ளியிருக்கட்டும்.

கூண்டு

பத்துக் கோழிக்கு இரவுத் தங்கல் 20 சதுர அடி, அதாவது 4 அடிக்கு 5 அடி. பகலில் நடமாட அடைப்பு 80 முதல் 100 சதுர அடி. இதைவிடக் குறைந்தால் ஒன்றையொன்று கொத்தும், தரை ஒரு வாரத்தில் சேறாகும். இடம் இல்லையென்றால் கோழியைக் குறையுங்கள். நாலு பேர் குடும்பத்துக்கு ஆறு கோழி தாராளம்.

டெல்டா மண் களிமண். கார்த்திகை மழையில் கொல்லையில் கணுக்கால் தண்ணீர் ரெண்டு நாள் நிற்கும். அதனால் கூண்டின் தரை மட்டம் இரண்டரை அடி உயரத்தில் இருக்கட்டும், நாலு செங்கல் தூணோ கருங்கல் காலோ போதும். புயல் காற்றுக்குக் கூண்டைத் தூணோடு கம்பி போட்டுக் கட்டுங்கள். 2018 நவம்பரில் கஜா தென்னையையே பிடுங்கிப் போட்டது, தகரக் கூண்டு எம்மாத்திரம். கூரைக்குத் தென்னங்கீற்று குளிர்ச்சி. ஆனால் குஞ்சுக்குச் சூடு கொடுக்கும் பல்பு கீற்றுக்குக் கீழே தொங்கவே கூடாது. குஞ்சு இருக்கும் மூன்று வாரமும் தகரத்துக்குக் கீழே வையுங்கள். 30 குஞ்சுக்கு 60 வாட் குண்டு பல்பு ஒன்று சரி.

கோழிவலை என்று கடையில் விற்கும் அறுகோண வலை கோழியை உள்ளே நிறுத்தும், கீரியையும் பெருச்சாளியையும் வெளியே நிறுத்தாது. பாம்பு அதில் சாவகாசமாக நுழையும். இரவுத் தங்கலுக்கு அரை அங்குல வெல்டு மெஷ் அடியுங்கள். பகல் அடைப்புக்குச் சாதா வலை போதும். கீரி தோண்டும் என்பதால் வலையின் கீழ் ஓரம் ஓரடி மண்ணுக்குள் இறங்கட்டும்.

உள்ளே இரவில் கோழி ஏறி உட்கார ஒன்றரை அங்குல மூங்கில் கழி, ஒரு கோழிக்கு 8 அங்குலம் இடம். பத்துக்கு ஏழு அடி வேண்டும், 5 அடிக் கூண்டில் ஒரே உயரத்தில் இரண்டு கழி. மேலும் கீழுமாக வைத்தால் எல்லாம் மேல்கழிக்கே சண்டை போடும், கீழே உட்காருவதன் தலையில் எச்சம் விழும். முட்டையிட ஓரடிக் கனப்பெட்டி இரண்டு, அவை கழியைவிடத் தாழ்வாக இருக்கட்டும். உயரமாக இருந்தால் அதிலேயே தூங்கி அழுக்காக்கும்.

எச்சம்

சட்டம் எத்தனை இருந்தாலும் உங்கள் கோழி வளர்ப்பு நிலைக்குமா என்பதை இதுதான் முடிவு செய்யும். வளர்ந்த நாட்டுக்கோழி ஒன்று நாளைக்கு 80 முதல் 100 கிராம் ஈர எச்சம் போடும். பத்துக் கோழிக்கு ஒரு கிலோ, மாதத்துக்கு 30 கிலோ. அதில் பாதி இரவில், கழிக்கு நேர் கீழே விழும். ஆகவே கழிக்குக் கீழே பழைய ஃபிளெக்ஸ் பேனர் ஒன்றை விரித்து, மேலே அடுப்புச் சாம்பலோ உமியோ தூவுங்கள். காலையில் நாலு மூலையையும் பிடித்து இழுத்தால் பாதி வேலை இரண்டு நிமிடத்தில் முடிந்தது. தேர்தல் முடிந்தால் பேனருக்குப் பஞ்சமில்லை.

மீதித் தரைக்கு உமி. ரைஸ்மில் இருக்கும் ஊரில் இதைவிட மலிவான படுக்கை கிடையாது. 20 சதுர அடிக்கு 3 அங்குல உயரம் போட 15 கிலோ அளவு பிடிக்கும். இரண்டு நாளைக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள். ஒரு கை அள்ளி இறுக்கிப் பிடித்துத் திறந்தால் உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். அந்த இடத்தை மட்டும் அள்ளி எறிந்து, நீற்றுப்போன சுண்ணாம்பு ஒரு பிடி தூவிப் புது உமி போடுங்கள். கண்ணைக் கரிக்கும் நாற்றம் அம்மோனியா. காய்ந்த எச்சத்தில் அது அநேகமாக வராது, நனைந்ததில்தான் கிளம்பும். பத்தில் ஏழு தடவை காரணம் தண்ணீர்ப் பாத்திரம்தான். திறந்த சட்டியில் கோழி ஏறி நின்று கவிழ்க்கும். சட்டியைக் கோழியின் முதுகு உயரத்துக்குத் தூக்கி, அடியில் செங்கல் வையுங்கள்.

ஈயின் முட்டை நம் ஊர் வெக்கையில் ஏழு முதல் பத்து நாளில் ஈயாகிவிடும். மாதம் ஒருமுறை சுத்தம் செய்பவர் மூன்று தலைமுறை ஈயை வளர்க்கிறார் என்று பொருள். ஐந்து நாளுக்கு ஒருமுறை அள்ளினால் புழு ஈயாவதற்குள் தொட்டிக்குப் போய்விடும்.

உரத்துக்குக் குழி வெட்டாதீர்கள். மழைக்காலத்தில் இங்கே நிலத்தடி நீர் கையெட்டும் உயரத்துக்கு வரும், குழியில் ஊற்றெடுத்து எல்லாம் கூழாகும், பக்கத்துக் கிணற்றுக்கும் இறங்கும். தரைக்கு மேல் 3 அடிக்கு 3 அடி, இரண்டரை அடி உயரத்தில் செங்கலை இடைவெளி விட்டு அடுக்கி, மேலே தகரம் போட்டு மூடுங்கள். ஒரு சட்டி எச்சத்துக்கு மூன்று சட்டி காய்ந்த சருகு, அதன்மேல் இரண்டு விரல் மண். பதினைந்து நாளுக்கு ஒருமுறை புரட்டினால் இரண்டு மாதத்தில் மண்வாசனை வரும். பச்சை எச்சத்தை நேராகச் செடிக்குப் போட்டால் வேர் கருகும். தென்னைக்குக்கூட இரண்டடி தள்ளி வட்டப்பாத்தியில் போடுங்கள்.

வாய்க்காலிலோ சாக்கடையிலோ தள்ளுவது திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி குற்றம். இன்னொரு விஷயம், ஐப்பசி பிறந்தால் டெங்கு ஒழிப்புப் பணியாளர்கள் வீடு வீடாக வருவார்கள். உங்கள் கோழித் தண்ணீர்ச் சட்டியில் புழு நெளிந்தால் அபராதம் போடலாம். தினமும் கவிழ்த்து, நார் போட்டுத் தேய்த்து, புதுத் தண்ணீர்.

சேவல், வேலி, தானியம்

முட்டைக்குச் சேவல் தேவையே இல்லை. அடை வைத்துக் குஞ்சு பொரிக்கத்தான் வேண்டும். அதற்கும் கிராமத்துச் சொந்தக்காரர் வீட்டிலிருந்து கருமுட்டை வாங்கிவந்து சிறுவிடை (சின்ன உடம்பு நாட்டுக்கோழி) அடைக்கோழிக்கு வைத்துவிடலாம், 21 நாளில் பொரிக்கும். சேவல் வைத்தே தீர வேண்டும் என்றால் இரவில் அதைத் தனியாக, 15 அங்குல உயரமுள்ள இருட்டுப் பெட்டியில் அடையுங்கள். கழுத்தை நிமிர்த்தினால்தான் முழுக்குரல் வரும். பெட்டியின் கீழ்ப்பகுதியில் இருபுறமும் காற்றோட்டம் அவசியம், பங்குனி சித்திரையில் இதைச் செய்யாதீர்கள், மூச்சுமுட்டிச் சாகும். ஒலிமாசு விதிகள், 2000-ன்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 வரை வரம்பு 45 டெசிபல். யாரும் மீட்டர் கொண்டுவரப் போவதில்லை, நாலு மணிக்குத் தூக்கம் கெட்டவரின் எரிச்சல்தான் மீட்டர்.

சிறுவிடை ஐந்தடிச் சுவரைச் சுலபமாகத் தாண்டும். ஒரு பக்க இறக்கையில் மட்டும் முதல் பத்து நீளச் சிறகுகளைப் பாதிக்கு வெட்டுங்கள், இரண்டு பக்கமும் வெட்டினால் சமநிலை வந்து மறுபடி பறக்கும். இறகு உதிர்ந்து முளைத்ததும் திரும்ப வெட்ட வேண்டும். அடுத்தவர் மாடியில் காயும் வடகம், தெருவில் காயும் நெல், நாற்றுத்தொட்டி இவற்றில் கோழி வாய் வைத்தால் நஷ்டத்தை அன்றே கொடுத்துவிடுங்கள். 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டத்தில் பட்டியில் அடைக்கக்கூடிய பிராணிகளில் யானையும் ஒட்டகமும் உண்டு, கோழி இல்லை. அதற்காக அடுத்தவர் உங்கள் கோழிக்கு விஷம் வைக்கலாம் என்றும் இல்லை. அது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 325-ன்படி குற்றம்.

குருணை, தவிடு, கருக்காயை மூடியுள்ள டின்னில் வையுங்கள், சாக்கில் வைத்தால் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். மாலையில் மிச்சத் தீனியை எடுத்துவிடுங்கள்.

நோயும் நோட்டீஸும்

வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து: குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நாலாம் வாரம் குடிதண்ணீரில் கலந்து கொடுக்கும் லசோட்டா, எட்டாம் வாரம் இறக்கையில் தோலுக்கடியில் 0.5 மில்லி ஊசி. லசோட்டாவைக் குழாய்த் தண்ணீரில் கலக்காதீர்கள், குளோரின் மருந்தைக் கொன்றுவிடும். அடிபம்புத் தண்ணீர் எடுங்கள். ஒரு குப்பி நூறு கோழிக்கு மேல் வரும், கலக்கியபின் இரண்டு மணி நேரம்தான் ஆயுள், ஆகவே தெருவில் நாலு வீடு சேர்ந்து வாங்குங்கள். அரசு கால்நடை மருந்தகத்தில் இலவசமாகப் போடும் முகாம் வழக்கமாக பிப்ரவரியில் நடக்கும். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியும் எட்டும் தூரத்தில் இருக்கிறது.

நோட்டீஸ் வந்தால் பதறாமல் மூன்றைப் பாருங்கள்: கையெழுத்திட்டவர் பதவி, சட்டப் பிரிவு, கெடு நாள். கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். புகாரில் சொன்ன ஒவ்வொன்றுக்கும் என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி, தேதி விழும் போட்டோ, பழைய விண்ணப்பத்தின் முத்திரையிட்ட நகல். சேவல்தான் புகார் என்றால் அன்றே அப்புறப்படுத்தி அதையும் எழுதுங்கள். பதில் கொடுக்காமல் விட்டால் விஷயம் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) வரை போகலாம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 152-ன்படி பொதுத்தொல்லையை நீக்க அவர் நிபந்தனை உத்தரவு போட முடியும், அந்த உத்தரவை உரிமையியல் நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது. எதிர்ப்பு இருந்தால் அவர் குறித்த நாளில் அவர் முன்னாலேயே ஆஜராகிச் சொல்ல வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 133 என்று வக்கீல்கள் சொல்வது இதைத்தான்.

கோழிகள் திடீரெனக் கும்பலாகச் செத்தால் யாருக்கும் தெரியாமல் புதைக்கவோ, வாய்க்காலில் வீசவோ, அவசரமாக விற்கவோ கூடாது. 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டப்படி சந்தேகம் வந்தவுடன் தெரிவிப்பது வளர்ப்பவர் கடமை. வலசைப் பறவைகள் கோடியக்கரைக்கு வரும் பருவமும், அறுத்த வயலில் வாத்துக் கூட்டம் மேயும் பருவமும் இங்கே கவனமாக இருக்க வேண்டியவை, கொல்லைக் கோழியை அந்த வாத்துகளோடு கலக்க விடாதீர்கள். பறவைக்காய்ச்சல் உறுதியானால் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள கோழிகளை, உங்கள் ஆறையும் சேர்த்து, அழித்துவிடுவார்கள். 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பு. அழித்த கோழிக்கு அரசு இழப்பீடு உண்டு. கணக்கெடுக்க வருபவர் முன்னால் உயிரோடு இருந்தவற்றுக்குத்தான் அது கிடைக்கும், அதற்குமுன் செத்ததற்கும் ஒளித்து வைத்ததற்கும் இல்லை.